ரோசினே அத்தையின் விரல்

ரோசினே அத்தை செய்யும் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் இருந்ததே இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு மதியம் மட்டும் இருந்தது. அதைக் கலந்தவன் நான். அவள் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான். ஆனால் நடந்ததை முழுக்கத் தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நானும் என் மனைவியும்தான்.

அவள் என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். கிரேஷ்டெட்டன் என்ற எங்கள் மேட்டு ஊரில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, தேவாலயத்தின் மதிலை ஒட்டி இருந்தாள். 1961 பனிக்காலத்தில் காட்டில் மரம் வெட்டப் போன அவள் கணவன் யாகோப்பின் மேல் மரம் சாய்ந்துவிட்டது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று, பிள்ளை இல்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள்வாள் என்று ஊர் இரண்டு வருடம் பார்த்தது. அவள் மூன்று மாடுகளையும் மேட்டு நிலத்தையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். எங்கள் மேட்டில் முதல் விளைச்சல் கல்தான். அதைப் பொறுக்கிப் போட்ட பிறகு கிடைப்பது உருளைக்கிழங்கு.

யாகோப் போன மறு கோடையில், தீயணைப்புப் படையின் திருவிழாவுக்குச் சாலட் செய்து தரச் சொல்லி அப்போதைய தலைவர் அவளைக் கேட்டார். வீட்டை விட்டு வெளியே வரட்டும் என்றுதான் கேட்டார். அவள் வந்தாள், செய்தாள், அதோடு அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. தீயணைப்புக் கொட்டகையில் இருந்த சமையலறையின் சாவி அவள் வீட்டு வாசல்நிலையில் ஆணியில் தொங்கும். அதை வேறு யாரும் கேட்டதில்லை.

எங்கள் படையில் சம்பளம் வாங்குபவர் யாரும் கிடையாது. எல்லாரும் ஊர்க்காரர்கள். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடாரம் போட்டு பியரும் சாசேஜும் சாலட்டும் வைப்போம். சாசேஜ் எல்லா ஊரிலும் ஒன்றுதான். சாலட்டுக்காகத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் மேடேறி வருவார்கள்.

அவள் செய்யும் முறை ஊருக்கே தெரியும், செய்யத்தான் வராது. ஜூலையில் தோண்டிய புதுக்கிழங்கு, சீக்லிண்டே ரகம். வெந்தாலும் உடையாது. எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்குவாள், தோலோடு வேகவைப்பாள். வெந்ததும் ஆறவிடாமல் உரிக்க வேண்டும். விரல் சுடுகிறது என்று சொல்பவளை வெங்காயம் நறுக்க அனுப்பிவிடுவாள். கத்தியால் மெல்லிய வில்லைகளாக அரிந்து நேராக அண்டாவில் விழவிடுவாள். மாட்டெலும்பு கொதித்த சாற்றில் வினிகர், உப்பு, மிளகு, கொஞ்சம் கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம். அதைக் கொதிக்கக் கொதிக்க மூன்று தடவையாக ஊற்றுவாள். கிழங்கு அதைக் குடித்து முடித்த பிறகுதான் எண்ணெய். எண்ணெயை முதலில் ஊற்றினால் கிழங்கின் வாயை அடைத்த மாதிரி, சாறு உள்ளே போகாது என்பாள். கடைசியில் கரண்டியை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கிளறுவாள். அண்டாவுக்குள் சளக் சளக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சரியாக இருந்தால் சாலட் சரி.

என் மனைவி வீப்கே வடக்கே ஓல்டன்பர்க் பக்கம். அவர்கள் மயோனைஸ் போட்டுத்தான் செய்வார்கள். கல்யாணமான புதிதில் அவள் செய்ததை அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெள்ளையடிக்கணும்னா சுவரு இருக்கும்மா, கிழங்க விட்டுரு" என்றாள். வீப்கே சளைக்கவில்லை. "உங்களுது சூப்புல தவறி விழுந்த கிழங்குதானே அத்தை" என்றாள். இருவருக்கும் அதற்குப் பிறகு நன்றாகவே ஒத்துப்போனது. ஒருத்தி செய்ததை மற்றவள் சாப்பிட மாட்டாள், அவ்வளவுதான்.

1988 திருவிழா அன்று அத்தை இருட்டோடு மூன்று மணிக்கே கொட்டகைக்கு வந்துவிட்டாள். விடியும்போது கத்தி சறுக்கி இடது ஆட்காட்டி விரலில் ஆழமாக இறங்கியது. கூட உரித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அவள் விரலைக் குழாயில் காட்டிவிட்டுத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வேலை நிற்கவில்லை. கிளறும் நேரம் வந்தபோது கையை விட்டுக் கிளறினாள். நனைந்த துணி நழுவியது. எடுத்துப் போட்டுவிட்டு வேறு துணி கட்டிக்கொண்டாள்.

அன்று வெயில் கொளுத்தியது. பதினொரு மணிக்கு ஊரே கூடாரத்தில் இருந்தது. கரண்டி என் கையில். ஒரு மணி வாக்கில் படைத்தலைவர் ரைன்ஹோல்ட், விடியலிலிருந்து நின்றுகொண்டிருந்த அத்தையைப் பார்த்து, போய்ப் படுத்துவிட்டு வரச் சொன்னார். விரல் தெறித்துக்கொண்டிருந்ததால் அவளும் மறுக்கவில்லை. அண்டாவை மூடிவைக்காதே, வியர்த்துவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்காது. பள்ளத்தாக்கு ஊரின் தீயணைப்புப் படை, புது வண்டியை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு, நாற்பது பேராக வந்து இறங்கியது. அண்டாவில் அடி தெரிந்துகொண்டிருந்தது. ரைன்ஹோல்ட் விருந்தினர் மேசையிலிருந்து எனக்குக் கைகாட்டுகிறார், தட்டுகளைக் கொண்டு வா என்று.

சமையலறையில் வேகவைத்து ஒதுக்கிய சின்னக் கிழங்குகள் அரைக்கூடை இருந்தன. சாறு தீர்ந்துவிட்டது. அங்கே பெஞ்சுக்கு அடியில் வீப்கேயின் பெரிய கிண்ணம் இருந்தது. சாயங்காலம் படைக்காரர்கள் சாப்பாட்டுக்கென்று அவள் காலையில் எங்கள் வீட்டுக் கோழி முட்டை பதினான்கைப் பச்சையாக உடைத்து எண்ணெயோடு அடித்துத் தந்த மயோனைஸ். ஃபிரிட்ஜில் வை என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஃபிரிட்ஜ் நிறைய பியர். பியரை எடுக்க மனம் வரவில்லை. கிண்ணத்தைப் பெஞ்சுக்கு அடியில், நிழலில் வைத்திருந்தேன். அந்தச் சமையலறையில் அன்று நிழலும் அடுப்பு மாதிரிதான்.

கிழங்கை அரிந்து போட்டேன். மயோனைஸைக் கொட்டினேன். வெள்ளை தெரியக் கூடாதென்று வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றித் தளர்த்தினேன். அத்தையின் மிச்சத்தோடு சேர்த்துக் கிளறினேன். பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருந்தது. விருந்தினர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும் இரண்டாம் தட்டுக்கு வந்தார்கள். தேவாலயத்தில் மணியடிக்கும் கிழவர் மத்தேயுஸ், ஒரு மணி அடித்து முடித்து இறங்கித் தாமதமாக வந்தவர், "இன்னைக்குக் கொஞ்சம் கொழுகொழுன்னு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னார். நான் சாசேஜிலேயே வயிறு நிரப்பியிருந்ததால் சாலட் சாப்பிடவில்லை. சமாளித்துவிட்டேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

அண்டா காலியானதும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்ததைப் பார்த்தேன். அத்தை வந்தால் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் ஒரு கோப்பையைக்கூடக் கழுவாத நான், அந்த அண்டாவைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். கிண்ணத்தையும்தான். சாயங்காலம் வீப்கே கேட்டபோது, தட்டி விட்டுவிட்டேன், கவிழ்ந்துவிட்டது என்றேன். பதினான்கு முட்டை என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. முதலில் பள்ளத்தாக்கு ஊரில் எட்டுப் பேர் என்றார்கள், பிறகு இருபது. மதியத்துக்குள் இரண்டு ஊரும் சேர்த்து நாற்பத்துமூன்று. வாந்தி, பேதி, நிற்க முடியாத காய்ச்சல். அதில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர். மத்தேயுஸை ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். எழுபத்தெட்டு வயது உடம்பு.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குக் காரணம் வேண்டியிருந்தது. சாசேஜை எல்லாரும் தின்றார்கள், பியரை எல்லாரும் குடித்தார்கள். மிச்சம் சாலட். மயோனைஸ் இல்லாத சாலட் எப்படிக் கெடும் என்று முதலில் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம் கிழங்கு உரித்த பெண்களில் ஒருத்திக்கு விரல் ஞாபகம் வந்தது. முதலில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், வெயிலில் நேரம் போகப் போகத்தான் கெட்டிருக்கும் என்றார்கள்.

சாயங்காலம் மாவட்டத்திலிருந்து சுகாதார அதிகாரி வந்தார். ஒல்லியான, சத்தமே போடாத மனிதர். கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். அண்டாவைப் பார்க்கக் கேட்டார். கழுவியிருந்ததைப் பார்த்து, யார் கழுவியது என்றார். நான் என்றேன். பரிமாறியது யார் என்றார். அதுவும் நான் என்றேன்.

"அப்புறமா அதுல ஏதாவது சேத்தீங்களா?"

அறையில் ரைன்ஹோல்ட் இருந்தார், பாதிரியார் இருந்தார், அத்தை சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். அதிகாரி தலை நிமிராமல் பேனாவோடு காத்திருந்தார்.

"இல்ல" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்து அத்தை. அவர் கேட்பதற்கு முன்பே அவள் கையை மேசைமேல் நீட்டித் துணியை அவிழ்த்தாள். விரல் வீங்கி, வெட்டின் ஓரம் மஞ்சளாக இருந்தது. இத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது, இத்தனை மணிக்குக் கையை விட்டுக் கிளறினேன், துணி ஒரு தடவை அவிழ்ந்தது என்று சாமான் பட்டியல் வாசிப்பவள் மாதிரி சொன்னாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். மலப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும், அதுவரை யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்றார்.

ஊர் அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பால் வண்டிக்காரர் அவள் பாலை எடுக்கவில்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். ரொட்டிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. கறந்த பாலைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு அவள் தெருவில் நடந்தபோது, பள்ளிக்கூடச் சுவரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆட்காட்டி விரலை உயர்த்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. வெறுமனே விரலைக் காட்டினார்கள். நான் தொழிற்சாலைப் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் நடையை மாற்றவில்லை. காயம்பட்ட கையை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கும் வயிறு சரியில்லையா என்று வீப்கே கேட்டாள். ஆமாம் என்றேன். வாயைத் திறந்தாலே ஒரு பொய் வந்து விழுந்தது.

புதன்கிழமை மத்தேயுஸுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. அன்று மதியம் ரைன்ஹோல்ட் என் வீட்டுக்கு வந்தார். கண்ணைப் பார்க்காமல் பேசினார். கொட்டகைச் சாவியை ரோசினேயிடமிருந்து வாங்கிவர வேண்டும், அதிகாரி கேட்டால் நம் கையில் இருப்பது நல்லது, நீ சொந்தக்காரன், நீ போனால் அவ்வளவாக உறுத்தாது என்றார்.

போனேன். சாவி ஆணியில் இல்லை. கதவு திறந்தே இருந்தது. அத்தை சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தே ஐந்து கிழங்கு, ஆவி பறந்தது. காயம்பட்ட கையில் ரப்பர் உறை. சாவி மேசைமேல், துடைத்துத் துணியில் வைத்திருந்தது. சாவி கேட்டு ஆள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். மத்தேயுஸைப் பற்றிச் சொன்னேன். தெரியும், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன் என்றாள். அவள் கத்தி நிற்கவில்லை. வில்லைகள் மெல்லியதாகக் கிண்ணத்தில் விழுந்தன. அடுப்பில் சாறு கொதித்தது. வெங்காயத்தின் மேல் முதல் கரண்டியை ஊற்றியபோது வினிகர் வாடை என் கண்ணில் ஏறியது. அவள் காத்திருந்தாள். இரண்டாவது. காத்திருந்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட நினைத்தேன். மூன்றாவது கரண்டி. எண்ணெய். உறையைக் கழற்றாமல் மரக்கரண்டியால் கிளறி, ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

நான் சாப்பிட்டேன். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவன். வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, கிழங்கு நாக்கில் கரைந்தது. தலை குனிந்தபடி தட்டைக் காலி செய்தேன். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமையிலேருந்து தெனமும் செய்யறேன்" என்றாள். "பாதிரியார் வந்தாரு. தட்டு வச்சேன். இப்பதான் சாப்ட்டு வந்தேன்னாரு. ரைன்ஹோல்டு பொண்டாட்டி வந்தா. டாக்டரு கெழங்கே சாப்பிடக் கூடாதுன்னுட்டாராம். அடுத்த வீட்டுக்காரி வாசப்படியிலேயே நின்னுட்டா. நாப்பது வருசமாத் தெரிஞ்சவங்க, ஒருத்தர் ஒரு வாய் வைக்கல. நான் தப்புச் சொல்லல. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நானே பயந்துக்கிட்டுத்தான் சாப்பிடறேன் கெரால்டு. நீ மட்டும் ரெண்டு தட்டு சாப்ட்ட. உனக்கு ஏன் பயம் வரல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள். நம்பிக்கை அத்தை, உங்கள் கைமேல் நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. அவள் கண் நகரவில்லை.

சொன்னேன். பியரிலிருந்து, பெஞ்சிலிருந்து, அண்டா கழுவியது வரை. மெதுவாகத்தான் சொன்னேன், ஆனாலும் சீக்கிரம் முடிந்துவிட்டது. செய்தது அவ்வளவு சின்ன வேலை.

அவள் என் முன்னால் இருந்த காலித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எத்தன முட்ட?"

"பதினாலு."

"எத்தன மணி நேரம் வெளியில இருந்துச்சு?"

"ஆறு இருக்கும் அத்தை."

"மூணு நாளா இந்த வெரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். "மத்தேயுசு செத்தா இத வச்சுக்கிட்டு எப்படி இருக்கறதுன்னு. கோடாலியால தறிச்சிரலாமான்னுகூட ஒரு நேரம் தோணுச்சு. நீ எதுத்தாப்ல உக்காந்து இல்லன்னு சொன்ன."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அதை அவள் சட்டை செய்யவில்லை. எழுந்து நடைவழியில் இருந்த தொலைபேசியை மேசை ஓரம்வரை இழுத்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே பண்ணு. மத்தேயுசு என்ன தின்னான்னு அவங்களுக்குத் தெரியணும். அப்புறம் வீட்டுக்குப் போயி உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு. ஊரு சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது, முட்ட அவ வீட்டு முட்ட. அப்புறம் அந்த அதிகாரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லிக் குடுக்கவும் மாட்டேன். நீதான் சொல்லணும்."

எண்ணைச் சுழற்றும்போது இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவது தடவை அவளே எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பச்சை முட்டை, வெயில், எத்தனை மணிக்கு, வேறு யார் சாப்பிட்டது. கிருமி எது என்று நாங்களும் யூகித்துத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இருந்தாலும் சொன்னது நல்லது என்றார். கலந்தது யார் என்று கேட்டார். என் முழுப்பெயரைச் சொன்னேன். அத்தை பக்கத்திலேயே நின்றாள், நான் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை. பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போ என்றாள்.

வீப்கே கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தீனிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் அவள் பேசவில்லை.

"கவுந்துருச்சுன்னு சொன்னியே" என்றாள். "நான் நம்பி, போனாப் போகுதுன்னு சொன்னேனே."

அதற்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் நடந்தது எங்களோடு இருக்கட்டும். வியாழக்கிழமை, நான் போன் செய்து சொன்னதும், அதிகாரி வந்து முட்டைகளை எடுத்துப் போனார். அடுத்த வாரம் பதினெட்டுக் கோழிகளையும் பிடித்துப் போனார்கள். வெறும் கூண்டை வீப்கே அன்றே கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள், நான் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பியிருந்தது. பள்ளத்தாக்கு ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். சிலர் இன்னும் வெளுத்துப் போய் இருந்தார்கள். அதிகாரி பரிசோதனை முடிவை வாசித்தார். கிருமியின் பெயரைச் சொன்னார், அது பெரும்பாலும் முட்டையிலிருந்து வருவது என்றார். வாக்குமூலத்தைத் திருத்த ஒருவர் விரும்புகிறார் என்றார். நான் எழுந்து நின்றேன். என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. முடித்தபோது யாரோ ஒருவர் என் காலடியில் துப்பினார். ரைன்ஹோல்ட் கழுத்து சிவந்து, என் உடுப்பையும் தலைக்கவசத்தையும் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடச் சொன்னார்.

பிறகு எல்லார் தலையும் அத்தையின் பக்கம் திரும்பியது. அறையே இலகுவானது தெரிந்தது. பாதிரியார் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவன் செஞ்சது அவன் செஞ்சது" என்றாள் அதிகாரியைப் பார்த்து. "வெட்டுப்பட்ட வெரலோட நான் அண்டாக்குள்ள கைய விட்டதும் நடந்ததுதான். அதுல ஒண்ணும் வராமப் போனது என் கெட்டிக்காரத்தனம் இல்ல. நான் சொன்னத அடிச்சிராதீங்க, அப்படியே இருக்கட்டும்."

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து ஒருவரை முழுசாகப் பார்த்தார். ஆமாம், அதிலும் வந்திருக்கலாம், இன்னும் வேகமாக வந்திருக்கும் என்றார். அப்படியே எழுதினார்.

அடுத்த நாளிலிருந்து அவள் வீட்டுக்குக் கேக்குகள் வந்தன. செர்ரி கேக், ஆப்பிள் கேக், துணி போட்டு மூடிய தட்டுகள். வாங்கி மேசைமேல் வைப்பாள். ஒரு துண்டு சாப்பிடுங்க ரோசினே என்றால், "இப்பதான் சாப்ட்டேன்" என்பாள். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிப்போகும். இரண்டு வாரம் அதை விடாமல் செய்தாள். ரைன்ஹோல்டின் மனைவியிடம் மட்டும், டாக்டர் கேக்கே கூடாது என்றுவிட்டார் என்றாளாம்.

மத்தேயுஸ் ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பினார். பாதி உடம்பு காணோம். அதற்குப் பிறகு மணிக்கூண்டுப் படிகளில் அவர் ஏறவே இல்லை. கயிற்றை இன்னொருவர் இழுக்க, அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து நேரம் சரியா என்று பார்ப்பார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, கேட்டுவிட்டு, சரி போ என்றார். நான் தெருவில் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எட்டு வருடம் அப்படித்தான்.

அத்தை என்னோடு பதினான்கு மாதம் பேசவில்லை. ஆனால் வீப்கேயோடு பேசினாள். அந்த இலையுதிர்காலத்தில் ஊர்ப் பெண்கள் வீப்கேயை வடக்கத்தி முட்டைக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தேவாலயப் பெண்களின் தேநீர்க் கூட்டத்துக்கு அவள் போவதை நிறுத்தியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். என்னைத் தாண்டிப் பார்த்து, "எங்க அவ?" என்றாள். வீப்கேயைக் கோட்டு மாட்டச் சொல்லிக் கையோடு கூட்டிப்போய்த் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். யாரோ தொண்டையைச் செருமினார்களாம். "இவ ஃபிரிட்ஜில வைன்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா" என்று மட்டும் அத்தை சொல்லிவிட்டுச் சர்க்கரையைக் கேட்டிருக்கிறாள். அதன்பின் அந்தப் பேச்சு நின்றது.

இரண்டு வருடம் திருவிழாவில் கடையிலிருந்து வாங்கிய சாலட்டை வைத்தார்கள். மூன்றாம் வருடம் ரைன்ஹோல்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். செய்கிறேன் என்றாள், ஆனால் கடைசித் தட்டுவரை கரண்டி தன் கையில்தான் இருக்கும், நடுவில் போய்ப் படுக்கச் சொல்லக் கூடாது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்கைவரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, அதைத் திட்டிக்கொண்டே கிளறினாளாம். உறையோடு கிளறினால் சத்தம் சரியாகக் காதில் விழவில்லை என்று குறை. பதினொரு மணிக்கு அண்டாவுக்குப் பின்னால் நின்றாள். அறுபத்தொரு வயது, நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள். வரிசை கூடாரத்துக்கு வெளியே போயிற்று. நானும் வரிசையில் நின்றேன், வீப்கே சொன்னதால். எனக்கு முன்னால் பள்ளத்தாக்கு ஊர்க்காரர் ஒருவர், அந்த நாற்பத்துமூன்று பேரில் ஒருவர், தட்டை நீட்டினார். அத்தை அண்டாவைச் சாய்த்து வழித்து அவருக்கு வைத்தாள். பிறகு வெறும் அண்டாவை எனக்குக் காட்டினாள்.

"தீந்துருச்சு. ரொட்டி இருக்கு" என்றாள்.

அன்றைக்கு அந்த நாற்பது பேரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அவ்வளவுதான். சாசேஜையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டு வீப்கே இருந்த மேசைக்குப் போனேன். என் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். அத்தை உறைகளை உரித்துப் போட்டுவிட்டு, கொட்டகைப் படியில் உட்கார்ந்து, ரைன்ஹோல்ட் கொண்டுவந்த பியரை ஒரே மூச்சில் பாதி குடித்தாள்.